மகள் ஆங்கில ஆசிரியை ஆகப் போகிறேன் என்கிறாள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் ஆங்கில இலக்கியம் கடைசி வருடம், மதிப்பெண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். உங்களுக்கு மூன்று கவலை. அவள் கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். பதின்வயதுப் பிள்ளைகள் அவளை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். கட்டுரையைக் கணினியே எழுதிக் கொடுக்கிற காலத்தில் இந்த வேலை எத்தனை நாளைக்கு. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, எந்தப் பயிற்சியில் சேர்ப்பது, அதை எதை வைத்து எடைபோடுவது என்பது. என்னைக் கேட்டால் மற்ற மூன்றையும் விட இதுதான் பெரிது, அதனால் முதலில் இங்கேயே வருகிறேன்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிவது வேறு, அதை இன்னொருவருக்குத் தெரிய வைப்பது வேறு. கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிற விஷயம்தான் இது, வகுப்புக்குள் போய் நிற்கும்போதுதான் அதன் கனம் புரியும். என்னிடம் ஆலோசனைக்கு வந்து பிறகு பயிற்சியில் சேர்ந்த ஒரு பெண், தன் பாடத்தை வந்து பார்க்கச் சொன்னாள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பு. அவளுடைய ஆங்கிலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரளமாகப் பேசுவாள். கரும்பலகையில் 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்று எழுதினாள். ஒரு பையன் எழுந்து, "ஏன் மிஸ், சின்ஸ் டூ இயர்ஸ்னு சொன்னா என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவள், "அது தப்பு, அப்படிச் சொல்லக்கூடாது" என்றாள். பையன் உட்கார்ந்துவிட்டான், அப்புறம் அந்தப் பாடம் முடியும் வரை அவன் கையைத் தூக்கவே இல்லை.

தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஏன் தப்பு என்று சொல்லத்தான் அவளிடம் வழி இல்லை. அன்று சாயங்காலம் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த மூத்த ஆசிரியை ஒரு தாளில் கோடு ஒன்று இழுத்தார். கோட்டின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, இந்தப் புள்ளிக்குத்தான் சின்ஸ் என்றார். புள்ளியிலிருந்து இன்றுவரை இருக்கிற நீளத்தைக் காட்டி, இதற்கு ஃபார் என்றார். இரண்டு வருடம் என்பது நீளம், திங்கட்கிழமை என்பது புள்ளி. பிறகு அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "தமிழ்லயே இது இருக்கேம்மா. இரண்டு வருஷமா இங்க இருக்கேன்னு சொல்றோம், திங்கட்கிழமையிலேருந்து இருக்கேன்னு சொல்றோம். மாத்திச் சொல்வோமா?" மறுநாள் அவள் அதே கோட்டைப் பலகையில் போட்டாள். மண்டே என்றால் வகுப்பு மொத்தமும் "புள்ளி" என்றது, த்ரீ மந்த்ஸ் என்றால் "நீளம்" என்றது. முந்தைய நாள் கேட்ட பையன்தான் எல்லோருக்கும் முன்னால் சொன்னான்.

பயிற்சி என்று நான் சொல்வது இந்த ஒரு சாயங்காலத்தைத்தான். அந்த மூத்த ஆசிரியை வகுப்பில் உட்கார்ந்து பார்த்திராவிட்டால் இது நடந்திருக்காது. ஆகவே உங்கள் மகள் சேரப் போகிற இடத்தில் இப்படி உட்கார்ந்து பார்ப்பவர் யார், எத்தனை முறை பார்ப்பார் என்பதுதான் முதல் கேள்வி. கட்டடம், நூலகம், விளம்பரப் பலகையில் போட்டிருக்கும் தேர்ச்சி விகிதம் எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த நாட்டில் என்றாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: பாடத்தில் ஒரு பட்டம், அதன் மேல் ஆசிரியர் பயிற்சி, பிறகு அந்தந்த இடத்தின் தகுதித் தேர்வோ பதிவோ. இந்தியாவில் பி.எட். 2015 முதல் இரண்டு வருடப் படிப்பு, அதில் பள்ளியில் இருக்க வேண்டிய காலம் 20 வாரம். இங்கிலாந்தில் பட்டம் முடித்தவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரே கல்வியாண்டு, ஆனால் அதற்குள் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு பள்ளிகளிலாவது. ஃபின்லாந்தில் முதுகலைப் பட்டம் இல்லாமல் பாட ஆசிரியராக முடியாது. இவற்றைச் சொல்வது எது உயர்ந்தது என்று ஒப்பிட அல்ல. படிப்பு ஒரு வருடமோ இரண்டு வருடமோ, அதற்குள் உண்மையான வகுப்பில் நிற்கிற நாட்கள் எத்தனை என்று தனியாக எண்ணிப் பாருங்கள் என்பதற்காகத்தான். ஏட்டில் 20 வாரம் இருக்கும், நேரில் போனால் பள்ளியில் தேர்வு மேற்பார்வைக்கும் பதிவேடு எழுதவும் வைத்துக்கொண்டு, பாடம் நடத்த விட்டது பத்துப் பன்னிரண்டு முறைதான் என்று சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அங்கே படித்து முடித்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை பாடம் எடுத்தீர்கள், அதில் எத்தனையைப் பேராசிரியரோ பள்ளி ஆசிரியரோ முழுதாக இருந்து பார்த்தார், பார்த்த பிறகு என்ன எழுதிக் கொடுத்தார், அந்தத் தாளைக் காட்ட முடியுமா. 'நன்று, குரல் இன்னும் சத்தமாக இருக்கலாம்' என்று ஒரே வரி எழுதி எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த இடம் வேண்டாம்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. நாலு வாரத்தில் ஆங்கில ஆசிரியர் ஆகலாம் என்று சான்றிதழ்ப் படிப்புகள் கண்ணில் படும். அதில் செல்டா போன்றவை மதிப்புள்ளவைதான், 120 மணி நேரம் பயிற்சி, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு மதிப்பீட்டோடு பாடம் நடத்த வேண்டும். ஆனால் அது முக்கியமாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கானது. பள்ளி ஆசிரியர் தகுதிக்கு அது ஈடாகாது. கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், இதற்குப் பதிலாக அதைச் செய்துவிட்டு நிற்கக்கூடாது.

சரி, கூச்சத்துக்கு வருவோம். பயிற்சியின் தொடக்கத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு, மாணவர்கள் மைக்ரோ டீச்சிங் என்றுதான் சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. நாற்பது பேர் வேண்டாம், ஐந்தாறு பேர் போதும். முக்கால் மணி நேரம் வேண்டாம், ஐந்து பத்து நிமிடம் போதும். அதிலும் ஒரே ஒரு திறன், கேள்வி கேட்பது அல்லது எடுத்துக்காட்டுச் சொல்வது என்று ஒன்றை மட்டும் எடுத்து நடத்துவது, பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்பது, உடனே அதையே திருத்தி மறுபடி நடத்துவது. கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல படிக்கட்டு கிடையாது, ஏனென்றால் பயத்தை ஒரே நாளில் விழுங்கச் சொல்லாமல் துண்டு துண்டாக்கிக் கொடுக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாயாடியாக இருப்பவர்கள் ஆங்கில வகுப்பில் நன்றாக வருவார்கள் என்பது உண்மை இல்லை, அம்மா. மொழி வகுப்பில் பேச வேண்டியவர்கள் மாணவர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரே விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அமைதியாக மூன்று விநாடி நிற்பது உங்கள் மகளுக்குத் தானாகவே வரும், கலகலப்பாகப் பேசிப் பழகியவர்கள்தான் அதைக் கற்றுக்கொள்ளப் பாடுபடுவார்கள்.

பிள்ளைகள் ஒரு வழி பண்ணிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. பன்னிரண்டு முதல் பதினாறு வயது சுலபமான வயது இல்லை. ஆனால் ஆங்கில வகுப்பில் எழும் சத்தத்தில் பெரும்பகுதி புரியாததால் வருவது. நாற்பது பேரில் பாதிப் பேருக்கு ஒரு பத்தியில் வரிக்கு மூன்று சொல் தெரியாது என்றால், அவர்கள் பக்கத்தில் இருப்பவனோடு பேசாமல் வேறென்ன செய்வார்கள்? பாடத்தை அந்த வகுப்பின் உயரத்துக்கு இறக்கிவைக்கத் தெரிந்தவரிடம் சத்தம் பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு முயற்சி செய்தார், பெங்களூரு திட்டம் என்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் அதைப் பற்றிப் படிக்கிறார்கள். இலக்கண விதியை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது என்று பிள்ளைகளுக்கு மூளைக்கு வேலை கொடுத்தார், அந்த வேலையை முடிக்கும் வழியில் ஆங்கிலம் உள்ளே போனது. பெரிய வசதி எதுவும் இல்லாத சாதாரணப் பள்ளி வகுப்புகள் அவை. கையில் வேலை இருக்கிற பிள்ளைகளை அடக்க வேண்டிய தேவை குறைவு.

கணினி பற்றி. கட்டுரையை அது எழுதும்தான். ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் எழுதிய ஆறு வரியில், 'ஷீ கோ' என்பதை இன்று திருத்துவதா, அல்லது அவள் முதல்முறையாகத் தன் பாட்டியைப் பற்றி மனதில் இருந்து எழுதியிருக்கிறாளே, அதைப் பாராட்டிவிட்டுப் பிழையை நாளைக்கு எடுப்பதா என்று முடிவுசெய்ய, அந்தப் பெண்ணைத் தெரிந்த ஒருவர் வேண்டும். வீட்டுப்பாடமாகக் கட்டுரை கொடுப்பது மாறும், வகுப்பிலேயே எழுத வைப்பதும் பேச வைப்பதும் கூடும். அதற்கு ஆசிரியரின் வேலை அதிகமாகுமே தவிர குறையாது.

வேலைச் சுமை என்றதும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர், ஒரு கட்டுரைக்கு ஐந்தே நிமிடம் என்று வைத்தால்கூட 120 நோட்டு திருத்த பத்து மணி நேரம். அது பள்ளி நேரத்தில் நடக்காது. ஒரு வாரம் கால வழு மட்டும், அடுத்த வாரம் எழுவாய் பயனிலை இயைபு மட்டும் என்று குறிவைத்துத் திருத்தப் பயிற்சியிலேயே பழகினால் தாக்குப்பிடிக்கலாம். விடுமுறை நிறைய, சாயங்காலம் சீக்கிரம் வீடு என்று யாராவது சொல்லி அவள் மனதில் ஆசை ஏற்பட்டிருந்தால், இந்தக் கணக்கை அவளிடம் காட்டுங்கள்.

இலக்கியம் படித்த பிள்ளைகளுக்கு வழக்கமாக இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கும், அதை இந்தக் கடைசி வருடத்திலேயே அடைக்கலாம். ஒன்று இலக்கணம்: நாவலை அலசத் தெரியும், ஒரு வாக்கியத்தைப் பிரித்து இது ஏன் இப்படி என்று சொல்லத் தெரியாது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஏன் 'அபௌட்' வராது என்று தினம் ஒரு கேள்வியை எடுத்து, தமிழில் பத்து வயதுக் குழந்தைக்கு விளக்குவது போல ஒரு நோட்டில் எழுதட்டும். இன்னொன்று ஒலி. ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்துதான், ஆனால் பாடப்புத்தகங்களில் வரும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலி 20. அழுத்தம் வேறு இருக்கிறது: ரெக்கார்ட் என்ற சொல் பெயராக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவது அசையில். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நம் காது இதைக் கவனிக்கப் பழகவில்லை. நல்ல அகராதிச் செயலி ஒன்றில் கேட்டு, சொல்லி, தன் குரலைப் பதிவுசெய்து ஒப்பிட தினம் கால் மணி நேரம் போதும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். தெரிந்த பள்ளி எதிலாவது அனுமதி கேட்டு, ஐந்து நாள் ஆங்கில வகுப்புகளில் கடைசி பெஞ்சில் அவள் உட்காரட்டும். ஆசிரியரைப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அந்தப் பிள்ளையை மட்டும் கவனிக்கட்டும்: எப்போது எழுதியது, எந்த இடத்தில் விட்டுவிட்டது, எத்தனை வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து, நானாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லியிருப்பேன் என்று அவளாகவே பேச ஆரம்பித்தால் நீங்கள் கவலையை விட்டுவிடலாம். களைப்பும் சலிப்பும் மட்டும்தான் மிச்சம் என்றால் அதையும் கோபப்படாமல் கேளுங்கள். பதிப்பகம், மொழிபெயர்ப்பு, உள்ளடக்க எழுத்து என்று அவள் பட்டத்துக்கு வேறு கதவுகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவள் எழுதிவைத்ததையும், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் கல்லூரிகளில் முடித்தவர்கள் பாடங்களின் எண்ணிக்கை பற்றிச் சொன்ன பதிலையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே சேர்க்கலாம் என்று முடிவெடுப்போம்.