ஸ்லெங் டெங் பேஸ்: எம்டி-40இல் ட்ரம்ஸ் மட்டும் கேட்கிறதா?

‘ஸ்லெங் டெங்’ என்ற ஜமைக்கா ரெகே பாட்டின் பேஸ் (கீழ்ஸ்தாயி இசைவரி) கேசியோ எம்டி-40 கீபோர்டிலேயே இருக்கிறது. அதை வரவழைக்க, ரிதம் ஸ்லைடரை ‘ராக்’குக்கு நகர்த்தி, முதலில் ‘சிங்க்ரோ’ பொத்தானை அழுத்துங்கள். அடுத்து இடப்பக்கச் சின்ன பேஸ் கட்டைகளில் இடமிருந்து இரண்டாவதான ‘டி’யை அழுத்துங்கள். ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்தே கிளம்பும்.

நீங்கள் நேரே ‘ஸ்டார்ட்’டைத் தட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் தாளம் மட்டும்தான் வரும், கேசியோவில் கோளாறு இல்லை. இன்னொன்று, வலப்பக்கப் பெரிய கட்டைகளில் உள்ள ‘டி’ இதற்கு உதவாது.

பேஸ் வந்தும் பாட்டு மாதிரி இல்லையென்றால் டெம்போவைக் குறைத்துப் பாருங்கள். ஜமைக்காவில் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் இசைக்கலைஞர் நோயல் டேவியும் இந்த ப்ரீசெட்டை (கீபோர்டில் முன்பே பதிந்துள்ள தாளத்தை) கண்டுபிடித்து, தயாரிப்பாளர் பிரின்ஸ் ஜாமியிடம் கொண்டுபோனபோது, அவர் செய்த முக்கியமான வேலையே வேகத்தைக் குறைத்ததுதான். அதன்மேல் பியானோவும் கைத்தட்டலும் ஏறின. 1985இல் ஸ்மித்தின் ‘ஸ்லெங் டெங்’ பாட்டு வந்தது. அதே ரிடிம் (பாட்டின் பின்னணி இசை) மேல் டெனர் சாவின் ‘பம்ப்கின் பெல்லி’, ஜானி ஆஸ்போர்னின் ‘பட்டி பை’ என்று வரிசை நீண்டது.

ஒரு எச்சரிக்கை: ப்ரீசெட்டை மட்டும் ஓடவிட்டால் ரெக்கார்டில் கேட்பது அப்படியே வராது, மேலே சேர்த்ததை நீங்கள்தான் வாசிக்க வேண்டும். 1981இல் வந்த அந்தக் கீபோர்டில் கேசியோவின் ஹிரோகோ ஒகுடா அமைத்த இது ‘ராக்’ என்ற பெயரில்தான் இருக்கிறது. ரெகே என்று தேடினால் கிடைக்காது.