மழை பெய்தால் மீட்டர் முள் விழுகிறதா? லாரி வயரிங் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன. இன்ஜினும் மற்ற கன்ட்ரோல் பாக்ஸ்களும் ஒன்றோடொன்று பேசவில்லை, ஸ்கேனர் போட்டால் கம்யூனிகேஷன் எரர் என்று வருகிறது, உடனே ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டியை, மாற்று என்கிறார்கள். எல்லாக் கடிதத்துக்கும் இடமில்லை, நாலு கடிதத்தை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமாக இருக்கும், மற்றவர்களுக்கும் அதில் வேலை இருக்கிறது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

ஐயா, சொந்தமாக ஒரு பிஎஸ்6 லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். தொண்டிப் பக்கம் லோடு ஏற்றி திருச்சி வரை போவேன். பத்து நாளாக மழை பெய்தால் ஆர்பிஎம் முள், டெம்பரேச்சர் முள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே விழுகின்றன. டீசல் முள் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்ஜின் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு இரண்டும் எரிகின்றன, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி எழும்புவதில்லை. வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. ஸ்கேனர் போட்டவர் 639 என்று ஒரு எண் வருகிறது, ஈசிஎம் போய்விட்டது, லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார். என்ன செய்வது?
(லாரி உரிமையாளர், தேவகோட்டை)

அண்ணே, ஈசிஎம்முக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டு மறுபடி மழை பெய்து மறுபடி முள் விழுந்தால், அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. டீசல் முள் மட்டும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் போதும். பெரும்பாலான வண்டிகளில் டீசல் டேங்க் மிதவையிலிருந்து வயர் நேராக மீட்டர் போர்டுக்கு வரும். ஆர்பிஎம், கூலன்ட் சூடு, ஆயில் பிரஷர் மூன்றும் அப்படி வருவதில்லை, இன்ஜின் ஈசிஎம் அளந்து கேன் லைன் வழியாகச் செய்தியாக அனுப்புகிறது. கேன் லைன் என்பது பாக்ஸ்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற இரட்டை வயர். டீசல் முள் நிற்கிறது என்றால் மீட்டர் போர்டுக்குக் கரன்ட் வருகிறது, எர்த்தும் இருக்கிறது, செய்திதான் வந்து சேரவில்லை. ஏபிஎஸ் விளக்கு எரிவதும் அதே கதைதான், ஒரு பாக்ஸ் சொன்னது இன்னொரு பாக்ஸுக்குக் கேட்கவில்லை. சில வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் பெடல்கூட கேபினில் உள்ள கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போய், அங்கிருந்து கேன் லைன் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். உங்கள் வண்டி அந்த வகையாக இருந்தால் நீங்கள் மிதிப்பதே இன்ஜினுக்குத் தெரியாது.

அந்த 639 என்ற எண்ணும் ஈசிஎம்மைக் குற்றம் சொல்லவில்லை. கனரக வண்டிகளுக்கான ஜே1939 முறையில் 639 என்பது அந்த நெட்வொர்க் லைனுக்கே கொடுத்திருக்கிற எண். அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன எண் வந்திருக்கும், எஃப்எம்ஐ என்பார்கள், அதையும் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 9 என்றால் செய்தி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்று அர்த்தம், 2 என்றால் வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது. எந்தப் பாக்ஸ் இந்த எரர் எண்ணைப் போடுகிறது என்பதும் முக்கியம். எல்லாப் பாக்ஸும் சேர்ந்து இன்ஜினைக் காணோம் என்றால் இன்ஜின் பக்கத்து வயரைப் பாருங்கள். ஒரே ஒரு பாக்ஸ் மட்டும் புலம்பினால் அந்தப் பாக்ஸுக்குப் போகும் கிளையைப் பாருங்கள்.

இப்போது அளக்க வேண்டியது. இதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சாவியை ஆஃப் செய்து, புகையைச் சுத்தம் செய்ய யூரியா அனுப்புகிற பம்ப் தன் வேலையை முடித்துச் சத்தம் அடங்கும் வரை சில நிமிடம் பொறுத்து, அப்புறம் பேட்டரி கட்-ஆஃபைப் போடுங்கள். ஸ்கேனர் மாட்டுகிற டயக்னாஸ்டிக் கப்ளர் 16 பின் உள்ளது என்றால் 6, 14 இரண்டுக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள், 9 பின் வட்டக் கப்ளர் என்றால் சி, டி இரண்டுக்கும் நடுவில். 60 ஓம் பக்கம் வர வேண்டும். லைனின் இரண்டு நுனியிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, இரண்டும் இணையாக நிற்பதால் 60. மீட்டர் 120 காட்டினால் ஒரு நுனி விட்டுப்போயிருக்கிறது, ஒன்று ரெசிஸ்டர் போயிருக்கும், இல்லை நடுவில் வயர் அறுந்திருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில வண்டிகளில் கப்ளருக்கும் உள் லைனுக்கும் நடுவே கேட்வே என்று செய்தியை வாங்கிக் கடத்துகிற ஒரு பாக்ஸ் இருக்கும், இன்ஜினுக்கு ஒரு லைன், கேபினுக்கு ஒரு லைன் என்று பிரித்தும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கப்ளரில் 60 வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, வயரிங் படத்தைப் பார்த்து அந்தந்த லைனில் அளக்க வேண்டும்.

ஆனால் உங்கள் வண்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலில் அளந்தால் 60 சரியாக வந்துவிடும். அதனால் மீட்டரைப் பிடித்துக்கொண்டே ஒருவர் வயரிங்கை அங்கங்கே ஆட்ட வேண்டும், கப்ளர்கள் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தும் பார்க்க வேண்டும். முதலில் ஆட்ட வேண்டிய இடம் கேபின் முன்னால் சாயும்போது வயரிங் வளைகிற இடம். அடுத்தது இன்ஜின் ஈசிஎம் கப்ளர், அதற்கடுத்து சேஸிஸில் கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடங்கள். எண் தாவுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

போன ஐப்பசியில் என் பட்டறைக்கு இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு, ஈசிஎம் மாற்றச் சொன்ன சீட்டோடு வந்தார்கள். கேபின் பின்னால் இருந்த கப்ளரைக் கழற்றினேன், வெளியே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ரப்பர் சீலைப் பின்னால் தள்ளி ஒரு பின்னை மட்டும் உருவி வெளிச்சத்தில் பிடித்தால், விளக்காமல் போட்ட செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. களிம்பு பின்னோடு நிற்கவில்லை. வயரின் தோலை உரிக்க உரிக்க நாலு விரற்கடை தூரம் உள்ளே போயிருந்தது, திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் செம்பு இழை வழியாக ஏறிவிடும். பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கலாம், இதற்கு அது ஆகாது. பளபளவென்று செம்பு தெரிகிற வரை வெட்டி, புதுப் பின், புது சீல் போட்டுக் கொடுத்தேன். செலவு சில நூறு ரூபாய்தான். நீங்கள் கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர், உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரமாகச் செய்யும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டெஸ்ட் பல்பை இந்த லைனில் வைக்க விடாதீர்கள், 24 வோல்ட் பல்புக்கு அது இடமில்லை. ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கவும் விடாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். தடித்த மீட்டர் முனையைப் பின்னுக்குள் திணித்தால் பின் விரிந்து பிடிப்பு போய்விடும். நல்ல எலக்ட்ரீஷியனே இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

அண்ணா, ஐடிஐ முடித்து ஒரு லாரிப் பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறேன். கேன் லைனில் மட்டும் ஏன் இரண்டு வயரை முறுக்கி வைத்திருக்கிறார்கள்? அறுந்தால் சாதாரண வயரை வைத்து ஒட்டலாமா?
(காரைக்குடி)

தம்பி, ஏன் என்று கேட்டாயே, அதற்கே சந்தோஷம்.

இரண்டு வயரிலும் ஒரே செய்திதான் போகிறது, ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே. மேலே ஏறுகிற வயர் ஹை, கீழே இறங்குகிற வயர் லோ. லைன் சும்மா இருக்கும்போது இரண்டிலும் ஏறக்குறைய 2.5 வோல்ட். செய்தி போகும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். வாங்குகிற பாக்ஸ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஆல்டர்னேட்டரில் இருந்தோ ஹாரனில் இருந்தோ இரைச்சல் வந்தால், முறுக்கிய வயர் என்பதால் இரண்டின் மேலும் ஒரே அளவாக விழும், வித்தியாசம் மாறாது, செய்தியும் கெடாது. முறுக்கை அவிழ்த்துவிட்டால் ஒன்றின் மேல் அதிகம், ஒன்றின் மேல் குறைவு என்று ஆகிவிடும்.

நுனியில் 120 ஓம் ஏன் என்று அடுத்து கேட்பாய். நம் ஊர் ஊருணியில் கல்லை எறிந்தால் அலை படித்துறைக் கல்லில் மோதித் திரும்பி வந்து, அடுத்து வருகிற அலையைக் குழப்பும் இல்லையா? வயரின் நுனியிலும் சிக்னல் அப்படித்தான் திரும்பும். அதை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளத்தான் ரெசிஸ்டர். ஜே1939-ல் வினாடிக்கு 2,50,000 பிட், புது வண்டிகளில் 5,00,000 பிட் வரை ஓடுகிறது. 2,50,000 என்றால் ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ செகண்டுதான், திரும்பி வரும் அலை அதற்குள் புகுந்தால் படிக்க முடியாது. 1986-ல் பாஷ் நிறுவனம் இந்த கேன் முறையை அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வெளியிட்டது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி வயர் இழுத்த காலம் அதோடு மெல்ல மெல்லக் குறைந்தது.

ஒட்டுவது பற்றி. ஒட்டலாம், ஆனால் அதே கனமான வயரை, அதே முறுக்கோடு ஒட்டு. இரண்டு ஒட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது, ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளிப் போடு, அப்போதுதான் என்றைக்காவது உறை தேய்ந்தாலும் ஒன்றோடொன்று தொடாது. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடு. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு வராதே, இன்ஜின் சூட்டில் பசை உருகி நழுவிவிடும். புதிதாகக் கிளை எடுத்தால் ஒரு மீட்டருக்குள் முடித்துக்கொள்.

பேட்டரியைக் கொடுத்து, சாவி ஆன் செய்து, ஒவ்வொரு வயரையும் எர்த்துக்கு வைத்து வோல்ட் பார்க்கவும் பழகு. ஹை 2.5-க்குக் கொஞ்சம் மேலே, லோ 2.5-க்குக் கொஞ்சம் கீழே, இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5 வர வேண்டும். ஒன்று பூஜ்யம் காட்டினால் எர்த்தில் ஒட்டியிருக்கிறது. 24 பக்கம் காட்டினால் பேட்டரி லைனில் ஒட்டியிருக்கிறது, உடனே சாவியை அணை.

தம்பி, எங்கள் அரிசி மில் லாரிக்குப் பின் கதவு விரிசல் விட்டதால் போன வாரம் வெல்டிங் வைத்தோம். மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மஞ்சள் விளக்குகள் அணையவில்லை, ஸ்கேனர் போட்டாலும் பேசவில்லை என்கிறார்கள். டிரைவர் ஏதோ செய்துவிட்டார் என்று மேனேஜர் சத்தம் போடுகிறார். முழு வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன்.
(பள்ளத்தூர்)

ஆச்சி, முதலில் டிரைவரை விட்டுவிடச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்திருந்தால் காரணம் அதுவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. வெல்டிங் கரன்ட் திரும்பிப் போக வழி தேடும்போது கன்ட்ரோல் பாக்ஸின் எர்த் வயர் வழியாகவும் போய்விடும்.

முழு வயரிங்கும் இப்போது வேண்டாம். டயக்னாஸ்டிக் கப்ளருக்கே கரன்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 16 பின் கப்ளர் என்றால் 16-ல் பேட்டரி வோல்ட், 4, 5 இரண்டிலும் எர்த். அது இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கும், அதோடு தீர்ந்தாலும் தீர்ந்துவிடும். கரன்ட் வந்தும் ஸ்கேனர் பேசவில்லை என்றால் மேலே சொன்ன 60 ஓம் அளவு. அதுவும் தவறினால் சாவியை ஆஃப் செய்து ஒவ்வொரு பாக்ஸின் கப்ளராகக் கழற்றிக் கழற்றி லைனைப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டதும் மற்றவை பேச ஆரம்பிக்கின்றனவோ, அதுதான் லைனைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கிறது. பிஎஸ்6 வண்டியில் சைலன்சரில் புகையை அளக்கிற நாக்ஸ் சென்சாரை மறந்துவிடுகிறார்கள், அதுவும் இந்த லைனில் பேசுகிற ஆள்தான், அதன் வயர் சூட்டில் உருகி ஒட்டியிருக்கவும் கூடும். வெல்டிங்கில் ஏதாவது ஒரு பாக்ஸ் உண்மையிலேயே போயிருக்கலாம், அது இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் எது என்று கண்டுபிடித்த பிறகு அதை மட்டும் மாற்றினால் போதும்.

மில்லில் வண்டி நிற்கிறது என்பதால் இன்னொன்று, எலி. தவிட்டு வாசனைக்கு வந்து வயரின் உறையைக் கடித்துவிடும், இன்ஜின் மேல் தவிடோ எலிப் புழுக்கையோ கிடந்தால் அந்தப் பக்கத்து வயரிங் குழாயைப் பிரித்துப் பாருங்கள்.

இனிமேல் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியின் இரண்டு டர்மினலையும் கழற்றி, ஈசிஎம், ஏபிஎஸ் கப்ளர்களையும் எடுத்துவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல, பெயின்டைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். வேலை பார்க்கிற ஆளிடம் நீங்களே நின்று சொல்லுங்கள் ஆச்சி, நீங்கள் சொன்னால் தட்ட மாட்டார்.

கயிறு லோடு ஓட்டுகிறோம். மூன்று மாதத்துக்கு முன் ஜிபிஎஸ் வைத்தார்கள். அதிலிருந்து எப்போதாவது ஆர்பிஎம் முள் துள்ளுகிறது. உங்கள் பழைய பதிலைப் படித்துவிட்டு அளந்தேன், 60-க்குப் பதில் 40 காட்டுகிறது. மீட்டர் தப்பா?
(சிங்கம்புணரி)

மீட்டர் சரிதான். 120 ஓம் மூன்று இணையாக நின்றால் 40. லைனில் மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டர் வந்து சேர்ந்திருக்கிறது, தேதியைப் பார்த்தால் ஜிபிஎஸ் பெட்டிக்குள்ளோ அதன் வயரிலோ இருக்க வேண்டும். பேட்டரி கட்-ஆஃப் போட்டுவிட்டு ஜிபிஎஸ் கப்ளரைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். 60 வந்தால் வைத்தவரையே கூப்பிட்டு அந்த ரெசிஸ்டரை எடுக்கச் சொல்லுங்கள், கேன் வயரை எங்கே உரித்து முடிச்சுப் போட்டார் என்பதையும் காட்டச் சொல்லுங்கள். கயிறு திரிக்கிற ஊர்க்காரருக்கு முறுக்கு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த இடத்தில் வயர் முறுக்கோடுதான் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கழற்றியும் 40-தான் காட்டுகிறது என்றால், வண்டி மாடல், தயாரித்த ஆண்டு, எந்தக் கப்ளரில் அளந்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.