தட்டோரம் ஒதுங்கிய சோறு

அன்புள்ள ஐயா,

யொகஹாமாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் ஒன்பது பேர் உட்காரக்கூடிய சின்ன சுஷிக் கடை ஒன்று உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது போய்விடுவேன். என் ஜப்பானிய மொழி இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஆனாலும் கடைக்காரர் (எல்லோரும் தைஷோ என்றுதான் கூப்பிடுகிறார்கள்) நான் நுழைந்ததும் சிரித்து ஓரத்து இடத்தைக் காட்டுவார். அலுவலகத்துக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே மனிதர் அவர்தான். மாவுச்சத்தைக் குறைப்பதால் சுஷியின் மேலிருக்கும் மீனை மட்டும் தின்றுவிட்டு அடியிலிருக்கும் சோற்றை ஒதுக்கிவிடுவேன். அதற்கும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அடுத்த மாதம் நகோயாவுக்கு மாற்றல். அவரிடம் எப்படி விடைபெறுவது? பணமாக ஏதாவது கொடுக்கலாமா? அவர் காட்டியது அன்பா வியாபாரமா என்றும் ஒரு குழப்பம். அப்புறம், சுஷியைக் கையால் எடுப்பதா, குச்சியாலா? வசாபி என்ற அந்தக் காரமான பச்சை விழுதை சோயா சாஸில் கரைப்பது தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கையாலும் எடுக்கலாம், குச்சியாலும் எடுக்கலாம். வசாபி உங்கள் இஷ்டம். இதற்கெல்லாம் சட்டம் பேசுபவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சோற்றை ஒதுக்கிவிடுகிறீர்களா? வாரம் இரண்டு நாள், அந்த மனிதரின் கண்ணெதிரில்?

சுஷி என்ற சொல்லில் மீனே கிடையாது. புளித்தது என்று பொருள்படும் பழைய சொல் அது. வினிகர் கலந்த சோறு இருந்தால்தான் சுஷி. வெறும் மீன் துண்டுக்கு சஷிமி என்று தனிப்பெயர் இருக்கிறது, அந்தக் கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள். உடம்புக்காகக் குறைக்கிறீர்கள் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உட்காரும்போதே "ஷாரி சுகுனாமே தே" என்று சொல்லுங்கள், சோற்றைக் குறைத்துப் பிடித்துத் தருவார். இரண்டு வருடத்தில் இந்த மூன்று சொல்லைக் கற்றிருக்க வேண்டாமா?

ஷாரி என்பது சுஷிக் கடைகளில் சோற்றுக்கு வழங்கும் பெயர். புத்தரின் அஸ்தியைக் குறிக்கும் சொல் அது. நாம் சரீரம் என்கிறோமே, அதே சொல்தான் சீனம் வழியாக ஜப்பான் போய் ஷாரி ஆனது. வெண்மையான சிறு எலும்புத் துணுக்கும் சோற்றுப் பருக்கையும் ஒன்றுபோல இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். அதைத்தான் நீங்கள் தட்டோரம் தள்ளுகிறீர்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் இதைச் செய்தவன் என்பதால்தான். பல வருடங்களுக்கு முன் எட்டு மாதம் டோக்கியோவில் தங்கியிருந்தேன். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வயதான தம்பதியின் கடை. ஒருநாள் வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் ஆசை விடவில்லை. கடைசி மூன்று துண்டிலும் மீனை உரித்துத் தின்றுவிட்டுச் சோற்றை விட்டுவிட்டேன். தைஷோ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு தேநீர் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, பக்கத்தில் உட்காரும் பெரியவர் என் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு மட்டும் சின்னதாகப் பிடிக்கிறாரே" என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவர் தட்டில் இருந்த சோற்றில் பாதிதான் எனக்கு. அன்று நான் மிச்சம் வைத்ததைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், என் வயிற்றுக்கு அளவெடுத்திருக்கிறார் அந்த மனிதர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதன்பிறகு ஒருநாள் நாலு மணிக்கே போனேன். வாசலில் துணித்திரை இன்னும் தொங்கவிடவில்லை. உள்ளே அகலமான மரத்தொட்டியில் ஆவி பறக்கச் சோற்றைக் கொட்டி வினிகரை ஊற்றிக்கொண்டிருந்தார். பருக்கை நசுங்காமல், கரண்டியைச் சாய்த்துக் கத்தியால் வெட்டுவதுபோல வெட்டிக் கலந்தார். மனைவி பக்கத்தில் நின்று விசிறினார். மேல் ஈரம் காயக் காயப் பருக்கைகளில் மினுக்கம் ஏறியது. புறங்கையைச் சோற்றுக்கு மேல் பிடித்துப் பார்த்தார். உடம்புச் சூட்டுக்கு வந்தால் போதுமாம். பிறகு எனக்கு ஒன்று பிடித்துக் காட்டினார். விரலை நனைத்து, சோற்றை அள்ளி, நாலைந்து பருக்கையைத் திரும்பத் தொட்டியில் போட்டார். அந்த நாலைந்து பருக்கை அதிகம் என்று அவர் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கிறது. எடுக்கும்போது உதிராமல், நாக்கில் பட்டதும் உதிரும்படி உள்ளே காற்று விட்டுப் பிடிக்க வேண்டும். மீனிலும் வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மீன் கடலில் விளைந்து சந்தை வழியாக வருகிறது. சோறு அவர் கையில்தான் சுஷியாகிறது.

சோற்றை எறிகிற பழக்கம் ஜப்பானிலும் இருந்ததுதான். பிவா ஏரிக்கரையில் இன்றும் ஃபுனாசுஷி செய்கிறார்கள். உப்பிட்ட கெண்டை வகை மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து, குழைந்துபோன சோற்றைப் பெரும்பாலும் வழித்துப் போட்டுவிட்டு மீனைத் தின்பார்கள். புளிக்கும் வரை காத்திருக்காமல் வினிகரை நேரே சோற்றில் கலந்ததால்தான் 1820களில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) ஹனாயா யொஹேய் போன்றவர்களால் கையால் பிடித்து உடனே நீட்ட முடிந்தது. அப்படிப் பிடித்த சுஷியில் சோறு தின்பதற்குத்தான். போருக்குப் பிறகு, 1947இல் உணவகங்களுக்குத் தடை வந்தபோது சுஷிக் கடைகள் எப்படிப் பிழைத்தன தெரியுமா? வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி, அதாவது 180 மில்லி அளவு, வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கடைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு பத்து துண்டு சுஷி கொடுப்பார். பசித்த வீட்டிலிருந்து ஒரு கோ அரிசியைத் துணியில் முடிந்து எடுத்துப் போனவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் கேள்வி. பணம் கொடுக்காதீர்கள். அங்கே அந்த வழக்கம் இல்லை, அவர் சங்கடப்படுவார். ஒரு பெட்டி இனிப்பு போதும். அன்பா வியாபாரமா என்று எதற்குப் பிரித்துப் பார்க்கிறீர்கள்? காசு வாங்கிக்கொண்டுதான் எனக்கும் அளவு குறைத்துப் பிடித்தார். தனியாக ஒரு ஊரில் இருக்கும் பிள்ளையை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அதைச் சந்தேகப்பட்டு வீணாக்காதீர்கள்.

கடை திறந்தவுடனே, கூட்டம் வருவதற்கு முன் போங்கள். அதே ஓரத்து இடம். போனைப் பைக்குள் வையுங்கள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுங்கள், அவர் பார்ப்பார்.

நகோயாவில் குடியேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹண்டாவுக்குப் போய்வாருங்கள், ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சாகே வடித்த சக்கையிலிருந்து நகானோ மதசாயெமொன் 1804இல் வினிகர் காய்ச்சத் தொடங்கியது அங்கேதான். எடோவின் சுஷிச் சோற்றுக்கு அந்த வினிகர்தான் கப்பலில் போனது. கால்வாய்க் கரையில் கரிய பலகைச் சுவர் போட்ட கிடங்குகள் இன்னும் நிற்கின்றன, பக்கத்திலேயே அருங்காட்சியகமும் உண்டு. அங்கிருந்து ஒரு புட்டி வினிகர் வாங்கி உங்கள் தைஷோவுக்கு அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததா என்று எனக்கும் எழுதுங்கள்.