தொடர் முடிந்த பிறகு காமிக்ஸ்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடர் மூன்று சீசனும் பார்த்தாயிற்று. நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோவின் அம்மா என்ன ஆனாள் என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். அது காமிக்ஸில் இருக்கிறதாமே, எதை வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மாவைத் தேடும் கதை ‘த சர்ச்’, 2013-ல் வந்தது. நேரே அதற்குத் தாவாதீர்கள். 2012-ல் வந்த ‘த பிராமிஸ்’தான் தொடர் விட்ட இடத்தில் பிடிக்கிறது. தானும் கொடுங்கோலனான அப்பன் வழியில் போனால் தன்னைக் கொன்றுவிட வேண்டும் என்று ஜூக்கோ, கதாநாயகன் ஆங்கிடம் சத்தியம் வாங்குகிறான். அப்புறம் யூ தாவ் நகரம். நெருப்பு நாட்டாரும் மண் நாட்டாரும் கொண்டு கொடுத்துத் தலைமுறைகளாக வாழ்கிற ஊரைக் காலி செய்வதா என்பதில் நண்பர்களே இரண்டுபடுகிறார்கள். தொடரைவிடக் கனமான சிக்கல் இது.

இரண்டையும் எழுதியவர் ஜீன் லுவென் யாங், ஓவியம் குரிஹிரு. ஒவ்வொன்றும் மூன்று பாகம். பலர் ஏமாறுவது இங்கேதான்: முதல் பாகத்தை முழுக்கதை என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். விற்பனைப் பக்கத்தில் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். 80-ஐ ஒட்டி இருந்தால் ஒரு பாகம், 200-ஐத் தாண்டினால் மூன்றும் சேர்ந்தது. ‘லைப்ரரி எடிஷன்’ என்றால் பெரிய அளவு, கெட்டி அட்டை. ஓரங்களில் படைப்பாளிகளின் குறிப்புகளும் உண்டு. விலைதான் கடிக்கும்.

கேள்வி: மொபைலில் படிக்கிறேன். பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது, டி.வி.யில் இருந்த திடுக்கிடல் இல்லை.
– வாசகர், மன்னார்குடி

பதில்: பாதிக் குற்றம் மொபைலுடையது. வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் ஒருவர் எதையோ பார்த்து விழிப்பார்; தாளைத் திருப்பினால்தான் அது என்னவென்று தெரியும். அதற்காகவே திடுக்கிடும் படத்தைப் பெரும்பாலும் இடப்பக்கத்தில் வைப்பார்கள். கட்டம் கட்டமாக விரலால் தள்ளும்போது அந்த வித்தை செத்துப்போகிறது. இரண்டு பக்கம் பரந்த படமும் துண்டாகிவிடும். டேப்லெட்டைக் குறுக்கே பிடித்து, இரண்டு பக்கமும் சேர்ந்து தெரிய வையுங்கள்.

மீதிப் பாதி உங்களுடையது. வசன பலூனை மட்டும் படித்துக்கொண்டு ஓடினால் பத்து நிமிஷம்தான். வசனமில்லாத கட்டத்தில் நில்லுங்கள். தொடரில் பின்னணி இசை செய்த வேலை அங்கே நடக்கிறது. தடித்த எழுத்து அழுத்திச் சொன்ன சொல். நீங்கள் கேட்டுப் பழகிய குரலிலேயே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ரத்தக்காட்டேரி வேட்டைக்காரி ‘பஃபி’யின் டி.வி. தொடர் ஏழு சீசனோடு முடிந்தது. காமிக்ஸாக வந்த எட்டாம் சீசன் ஏன் அப்படி எங்கெங்கோ போகிறது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: டி.வி. மாதிரி காகிதத்தில் செலவுக் கணக்கு கிடையாதே! பஃபியின் தங்கை டானையே ராட்சசி உயரத்துக்கு வளர்த்துவிட்டார்கள். 2007 முதல் 2011 வரை 40 இதழ். எங்களுக்கும் நடுவில் சலித்தது. ஒன்பதாம் சீசன் 25 இதழ்தான், கதையும் தரைக்கு இறங்கிவிடும்.

கேள்வி: ஐப்பசி மழையில் புத்தகம் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.
– வாசகி, திருவாரூர்

பதில்: வழவழப்புத் தாளின் மேல்பூச்சு, ஈரம் காயும்போது பசைபோல இறுகிவிடும். காய்ந்து ஒட்டியதைப் பிய்த்தால் படம் உரிந்து வரும், விட்டுவிடுங்கள். இனி நனைந்தால் ஈரம் இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, இடையிடையே அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் கூடாது. உடனே நேரமில்லையென்றால் பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். உலர்த்தும் நாள்வரை ஒட்டாது. அலமாரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும்.