பெரிய பள்ளிக்கூடத்தில் நம்ம பிள்ளை: டீச்சரிடம் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் தனியார் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சரின் பதில்கள்.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில் சமையல் வேலை பார்க்கிறேன். ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்தில் படிக்கும் என் மகளை வகுப்பில் ‘ஓசி சீட்டு’ என்கிறார்கள். ஆச்சியின் பேத்தியும் அதே வகுப்புதான். பள்ளியில் போய்ப் பேசலாமா?

ஓசியே இல்லை, அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர மற்ற தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஒதுக்கியே ஆகவேண்டும். அதற்கான பணத்தை அரசு பள்ளிக்குத் தருகிறது. 17ஆம் பிரிவு, பிள்ளையை மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வாயால் சொன்னால் ‘பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள், எனக்குத் தெரியாத ஆபீசா! வெள்ளைத் தாளில் தேதி போட்டு, என்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன்னால் ஆச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மற்றவர் வழியாகக் காதுக்குப் போனால்தான் மனத்தாங்கல் வரும். பேத்தி பெயரை மட்டும் இழுக்காதீர்கள்.

எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் முஸ்லிம். டிவியில் எந்தச் செய்தி வந்தாலும் மறுநாள் என்னைத்தான் கேட்கிறார்கள். (புதுவயல், 9ஆம் வகுப்பு)

‘எனக்கும் அதே டிவிதான்’ என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திற, கண்ணு. ஊருக்கெல்லாம் நீ பதில் சொல்ல முடியாது. வாத்தியாரே கேட்டால் விஷயம் வேறு, அதை வீட்டில் சொல்லு. நோன்பு மாதத்தில் பி.டி. பீரியடுக்கு மட்டும் அம்மாவிடம் லெட்டர் வாங்கி முதலிலேயே கொடுத்துவிடு.

ஆர்.டி.இ.யில் படிக்கும் மகன் எட்டாவது முடிக்கிறான். அப்புறம்?

இலவச இடம் எட்டோடு சரி. ஒன்பதாவதுக்கு முழுக் கட்டணம் கேட்பார்கள். கடன் வாங்கி அங்கேயே வைத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை: ஆர்.டி.இ.யில் எட்டு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவனும் விண்ணப்பிக்கலாம். ஆர்.டி.இ. சேர்க்கைக் கடிதத்தையும் டி.சி.யையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பிறந்தநாளுக்குப் பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பரிசு வாங்க வசதியில்லை. (கோட்டையூர்)

வீட்டில் சுட்ட சீப்புச்சீடை ஒரு டப்பா. போதும்.