மெயின் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தவன் சொல்வது

தம்பி, கோயமுத்தூரிலிருந்து மான்செஸ்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, குளிருக்கு என்ன கோட்டு வாங்குவது, வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது என்று மூன்று கேள்வி. நாலாவதாக ஒன்று: "ஆபீஸில் வயதானவர்கள் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியைப் பற்றிப் பேசினால் இப்போது ஆடுகிறவர்களை விட்டுவிட்டு கின்க்லாட்ஸே, கோட்டர், டிக்காஃப் என்று பழைய பேர்களையே சொல்கிறார்கள். யார் அண்ணா இவர்கள்? நானும் சிட்டி ரசிகன்தான் என்று சொன்னால் பழக வசதியாக இருக்குமா?"

கோட்டும் வங்கியும் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்கு ஒரே எச்சரிக்கை. அட்வான்ஸ் கொடுத்தால், அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் 30 நாளைக்குள் போட்டதற்கு அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். அப்படித் திட்டத்தில் போட வேண்டும் என்பது 2007-லிருந்து சட்டம். நான் வந்தபோது இல்லை. என் முதல் வீட்டுக்காரர் என் அட்வான்ஸைத் திருப்பித் தரவே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நாலாவது கேள்விக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லாதீர்கள் தம்பி. ஜெயிக்கிற அணி என்பதற்காக ரசிகன் என்று சொல்லாதீர்கள். 2008-க்கு அப்புறம் அபுதாபி பணம் வந்து கோப்பைகள் குவிந்த பிறகு நீலச் சட்டை வாங்கிய நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறார்கள். இருபது வருஷம் ஒரே தெருவில் இருந்தும் அடுத்த வீட்டுக்காரர் பேர் தெரியாது. பண்டிகை, விருந்து, வாட்ஸ்அப் குழு எல்லாம் நமக்குள்ளேயே. திங்கட்கிழமை ஆபீஸ் போய் "நாம் ஜெயித்துவிட்டோம்" என்பார்கள். அந்த "நாம்" உங்கள் ஆபீஸ் பெரியவர்கள் காதில் எப்படி விழும் தெரியுமா? நாங்கள் மண்ணைக் கவ்விக் கிடந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று மைதானத்தில் அவர்களே பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அவர்கள் அதைத்தான் மனசுக்குள் கேட்பார்கள்.

நான் 1995 செப்டம்பரில் வந்தேன். இங்கே அப்போது இருந்த யூமிஸ்ட் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ்டைல் படிப்பு. தென்னிந்தியாவின் மான்செஸ்டரிலிருந்து அசல் மான்செஸ்டருக்குப் போகிறான் என்று ஊரில் பெருமை. இங்கே வந்து பார்த்தால் மில்களெல்லாம் மூடிக் கிடந்தன. மாஸ் சைடில், சிட்டி அப்போது ஆடிய மெயின் ரோடு மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி, வாரம் 35 பவுண்டுக்கு ஓர் அறை. கேஸ் ஹீட்டருக்கு மீட்டரில் 50 பென்ஸ் காசு போட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. முதல் குளிர் ராத்திரி இரண்டு ஸ்வெட்டர், ஒரு லுங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு நடுங்கினேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். என் கோலத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து மீட்டரைக் காட்டினார். பையிலிருந்து எடுத்து மூன்று காசு போட்டார். ஏழு மூலையுள்ள அந்த 50 பென்ஸ் காசு உள்ளே விழும் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அவர் கழுத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த மப்ளர். அப்படித்தான் எனக்கு சிட்டி அறிமுகம்.

1880-ல் ஒரு சர்ச்சைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய கிளப் அது. 1937-லும் 1968-லும் லீக் சாம்பியன். நான் வந்தபோது 1976-க்குப் பிறகு ஒரு கோப்பையும் கிடையாது. நான் வந்த அந்த 1990-கள்தான் இருந்ததிலேயே மோசமான காலம்.

பெரியவர் எனக்கு முதலில் சொன்ன பேர் பால் லேக். உள்ளூர்ப் பையன், 21 வயதில் கேப்டன். 1990 செப்டம்பரில் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆறு வருஷம் ஆபரேஷன், உடற்பயிற்சி, மறுபடி ஆபரேஷன் என்று போராடி, 27 வயதில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது பெரியவர் குரல் தாழ்ந்துவிடும், சொந்தத்தில் ஒரு பையனுக்கு நேர்ந்ததுபோல. உங்கள் ஆபீஸிலும் யாராவது இந்தப் பேரைச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அடுத்து நையல் குவின், உயரமான ஐரிஷ்காரர். 1991 ஏப்ரலில் டெர்பி கவுன்ட்டிக்கு எதிராக கோல் அடித்தார். அப்புறம் கோல்கீப்பர் டோனி காட்டன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, இவரே கையுறை மாட்டிக்கொண்டு போய் நின்று பெனால்ட்டியையும் தடுத்தார்.

இனி கின்க்லாட்ஸே. ஜார்ஜியா நாட்டுக்காரர், நான் வந்த அதே 1995-ல் வந்தவர். எனக்கு அவரோடு ஒரு ஒட்டுதல் வந்ததற்கு அதுவும் காரணம். அவருக்கும் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது, அவருக்கும் இந்த மழை புதிது. 1996 மார்ச்சில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக அவர் போட்ட கோலை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மகளைப் பார்க்கப் போன பெரியவர் தன் சீசன் டிக்கெட்டை எனக்குக் கொடுத்திருந்தார். வலது பக்கத்தில் பந்தை வாங்கினார். ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டே உள்ளே வந்தார். பந்து காலில் ஒட்டியிருந்தது. கோல்கீப்பர் விழும்வரை ஒரு நொடி பொறுத்து, அவருக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்டார். என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு ஆள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். இந்த ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் இருந்தும் அந்த சீசனில் முதல் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறங்கினோம். மே 5, லிவர்பூலோடு கடைசி ஆட்டம். 2-0 என்று பின்தங்கி, ரோஸ்லரும் சைமன்ஸும் அடித்து 2-2 ஆனது. டிரா போதும் என்று எங்கிருந்தோ தப்பான தகவல் வந்தது. ஸ்டீவ் லோமாஸ் பந்தை மூலைக் கொடிக்குக் கொண்டுபோய் நேரத்தைக் கடத்தினார். மாற்றப்பட்டு வெளியே வந்திருந்த குவின் சாதாரண உடுப்பில் கோட்டோரம் ஓடிவந்து "இன்னொரு கோல் வேண்டும்" என்று கத்தினார். சவுத்தாம்ப்டன், கவன்ட்ரி, சிட்டி மூன்றுக்கும் 38 புள்ளி. கோல் வித்தியாசத்தில் நாங்கள் போனோம். லோமாஸை இன்னும் கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து சிரிக்காதீர்கள், அவர் சொன்னதைச் செய்தவர்.

அதற்கடுத்த சீசனில் மட்டும் அணியை ஐந்து பேர் மாறி மாறி நடத்தினார்கள். ஸ்டீவ் கொப்பல் 33 நாளில் விலகினார். 1998 ஏப்ரலில் எங்கள் ஜேமி பொல்லாக் பந்தை எதிராளி தலைக்கு மேலே அழகாகத் தட்டி, அதை அப்படியே தலையால் முட்டித் தன் கோல்கீப்பரைத் தாண்டித் தன் வலைக்குள்ளேயே போட்டார். அடுத்த வாரம் ஸ்டோக்கில் 5-2 என்று ஜெயித்தும் மூன்றாம் அடுக்குக்கு இறங்கினோம். கின்க்லாட்ஸே அயாக்ஸுக்குப் போய்விட்டார். அன்று நான் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்திருந்தது, சரியான வேலை இல்லை. பெரியவர் அடுத்த வருஷ சீசன் டிக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்று எனக்கு. மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்றார்.

மூன்றாம் அடுக்கில் ஆடுகிற அணியைப் பார்க்க சராசரியாக 28,000 பேர் வந்தார்கள் தம்பி. மழையில், பனியில். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற விஷயங்களில் ஒன்று. பெர்முடாவிலிருந்து வந்த ஷான் கோட்டரை முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. பந்து அவர் காலில் பட்டு எங்கோ போகும், கூட்டம் முனகும். அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்த சீசன் தொடங்கி நான்கு சீசன் அணியில் அதிக கோல் அவருடையதுதான். ஆட்டுக்குத் தீனி போடு, கோல் போடும் என்று அதே கூட்டம் அவர் பேரை வைத்துப் பாடியது, இங்கிலீஷில் 'கோட்' என்றால் ஆடு. வெளியூர்க்காரன் ஒருவன் இந்த ஊர் மனசில் எப்படி இடம் பிடிக்கிறான் என்று நான் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதே சீசன் நடுவில் வந்து கேப்டனான ஆண்டி மாரிசனைப் பற்றியும் நிறையச் சொல்லலாம், இன்னொரு நாள்.

1999 மே 30, வெம்பிளி, ஜில்லிங்கத்தோடு பிளே-ஆஃப் இறுதி. நாலு நாள் முன்னால்தான் ஊரின் இன்னொரு அணியான மான்செஸ்டர் யுனைடெட் பார்சிலோனாவில் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. நாங்கள் மூன்றாம் அடுக்கிலிருந்து ஏறப் போராடிக்கொண்டிருந்தோம். 81-வது நிமிஷம் ஒரு கோல் வாங்கினோம், 87-ல் இன்னொன்று. சுற்றிலும் ஆட்கள் எழுந்து கிளம்பினார்கள். நான் பெரியவரைப் பார்த்தேன். "நீ போ, நான் இவர்களோடு வந்தேன்" என்றார். நானும் உட்கார்ந்துவிட்டேன். 90-ல் எங்கள் ஹார்லாக் ஒரு கோல் அடித்தார். ஐந்து நிமிஷம் கூடுதல் என்று பலகை காட்டினார்கள். 95-ல் குள்ளமான டிக்காஃப் பந்தை மேல் மூலைக்கு அடித்தார். எதிரே இருந்த கோல்கீப்பர் அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். வெளியே போனவர்கள் படியேறித் திரும்பி ஓடிவந்தார்கள். பெனால்ட்டியில் 20 வயது நிக்கி வீவர் இரண்டைத் தடுத்தார், 3-1. கடைசியைத் தடுத்துவிட்டு, கை காட்டிக் கூப்பிட்டபடியே மைதானம் முழுக்க ஓடினார். அணியே அவர் பின்னால் துரத்தியது.

பெரியவரால் எழுந்திருக்க முடியவில்லை. என் மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், கூட்டம் கலைந்து வெகுநேரம் ஆகும்வரை.