நின்ற நேரம் யார் கணக்கில்?

வாசகர் கேள்வி–பதில்

எண்ணெய்த் துரப்பணத் தொழிலைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய சிறு பதிலைத் தொடர்ந்து பல கடிதங்கள் வந்துள்ளன. ஊர் பேர் தெரியாத காட்டிலும் கடலிலும் ஆய்வுக் கிணறு துளைக்கும்போது இயந்திரத்தாலும், அதைக் கொண்டுவந்து வாடகைக்குத் துளைத்துத் தரும் குத்தகையாளராலும் வரும் தலைவலியைப் பற்றியே நான்கு பேர் கேட்டிருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் தங்கை மகன் பாப்புவா நியூ கினி மலைப்பகுதியில், ஒரு சிறிய எண்ணெய் நிறுவனத்தின் துரப்பணப் பொறியாளராக இருக்கிறான். குத்தகையாளர் கொண்டுவந்த ரிக்கில், அதாவது துளையிடும் இயந்திரத் தொகுதியில், துளைக்குள் சேற்றை அனுப்பிப் பாறைத்தூளை மேலே கொண்டுவரும் சேற்றுப் பம்புகள் வாரத்துக்கு இரண்டு முறையாவது பழுதாகின்றனவாம். உங்கள் சேற்றில் மணல் அதிகம், அதுதான் பம்பை அரிக்கிறது என்று குத்தகையாளர் சொல்கிறார். பம்பே பழையது என்று நிறுவனம் சொல்கிறது. நடுவில் இவன் தூக்கமின்றித் தவிக்கிறான். யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
க. ரா., ஜூரோங் வெஸ்ட்

பதில்: இருவரும் ஆளுக்குப் பாதி உண்மை பேசுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. கழற்றிப் போட்ட பிஸ்டன்களே சாட்சி சொல்லிவிடும். பம்பில் பொதுவாக மூன்று உருளைகள் இருக்கும். பழுது வரும்போதெல்லாம் மூன்றின் பிஸ்டன் ரப்பரும், உருளையின் உள்ளுறையான லைனரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால், மூன்றின் வழியாகவும் ஓடிய சேற்றின் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும். எப்போதும் ஒரே உருளைதான் கெடுகிறது, அதிலும் ரப்பர் ஒரு பக்கமாகவே தேய்ந்திருக்கிறது என்றால், அந்த உருளையின் தண்டு நேர்கோட்டில் ஓடவில்லை, பின்னாலிருந்து தண்டை நேராக ஓடவைக்கும் குறுக்குத்தலை தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் மணலுக்கும் தொடர்பில்லை. ரப்பர் கருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தால், லைனரின் மேல் தெளிக்க வேண்டிய குளிர்நீர் சரியாக விழவில்லை. உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள்: இனி ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மூன்று பிஸ்டன்களையும் ஆறு வால்வுகளையும் ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்து, உருளை எண்ணையும் தேதியையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, படம் எடுத்து வைக்கட்டும். நான்கு பழுதுக்குப் பிறகு அந்தப் படங்களை மேசையில் பரப்பினால், பெரும்பாலான வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

மணல் கணக்கும் கடினமானதன்று. 200 எண் சல்லடையும் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயும் கொண்ட சிறிய பெட்டி ஒவ்வொரு ரிக்கிலும் இருக்கும். 74 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் அந்தச் சல்லடையில் தங்கும். அதைக் குழாயில் கழுவி இறக்கினால் எத்தனை சதவீதம் என்று கண்ணால் படித்துவிடலாம். பம்புக்குள் போகும் சேற்றில் அது அரை சதவீதத்துக்குள் இருந்தால் குத்தகையாளரின் வாதம் நிற்காது; ஒன்றைத் தாண்டினால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த மணல் எப்படி உள்ளே வந்தது என்பதுதான் அந்த ஊருக்கே உரிய சிக்கல். பாப்புவா மலைகளில் மேலே கிடப்பது பொந்து விழுந்த சுண்ணாம்புப் பாறை. கீழே அனுப்பிய சேறு மேலே திரும்பாமல் அந்தப் பொந்துகளுக்குள் போய்விடும். அதை அடைப்பதற்காகக் கொட்டை ஓட்டுத் தூள், மைக்கா முதலியவற்றைக் கலந்து அனுப்புவார்கள். அந்தத் தூள், மேலே திரும்பும் சேற்றை அதிர்ந்து சலிக்கும் ஷேக்கரின் சல்லடையில் சிக்கி வீணாகிவிடக் கூடாது என்பதற்காக, அந்த நேரத்தில் மட்டும் ஷேக்கரைச் சுற்றிச் சேற்றை நேரே தொட்டிக்குத் திருப்பிவிடுவது வழக்கம். திருப்பும் உத்தரவு, ரிக்கில் நிறுவனத்தின் பிரதிநிதியான கம்பெனி மேனிடமிருந்து வரும். தூளோடு மணலும் தொட்டிக்குள் போகும். தூள் பம்பின் உறிஞ்சுவாய் வடிகட்டியை அடைக்கும். போதிய சேறு கிடைக்காத பம்பு தட்டத் தொடங்கும். ஆகவே ஷேக்கரைத் தவிர்த்த நாள்களையும் பம்பு கெட்ட நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதுகள் அந்த நாள்களை ஒட்டியே வந்திருந்தால், நிறுவனம் தன் கையால் கெடுத்த பம்புக்குக் குத்தகையாளரைக் குறை சொல்கிறது. அப்படி ஒரு தொடர்பும் இல்லாமல், கிழிந்த சல்லடையோடு ஷேக்கர் நாள் முழுக்க ஓடியிருந்தால், ஒப்பந்தத்தைத் திறந்து சல்லடை யார் செலவு என்று பார்க்க வேண்டும். இயந்திரம் குத்தகையாளருடையது, சல்லடை நிறுவனம் வாங்கித் தர வேண்டியது என்று எழுதிய ஒப்பந்தங்கள் ஏராளம். சிக்கனம் பார்த்து ஒரு பெட்டி சல்லடையை மிச்சம் பிடித்தவர்கள் ஒரு பம்பையே பறிகொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனிப் பணத்துக்கு வருவோம். நாள் கட்டண ஒப்பந்தத்தில், பழுதுபார்க்க மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு சலுகை இருக்கும். 24 மணி என்று போட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குள் நின்றால் முழுக் கட்டணமும் உண்டு. தாண்டினால் கட்டணம் இல்லை. எனவே குத்தகையாளரின் ரிக் பொறுப்பாளரான எந்த டூல் புஷரும் மாதக் கடைசியில் 'நின்றது' என்று எழுத விரும்ப மாட்டார். இரண்டு பம்பில் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, மற்றதை வைத்துப் பாதி வேகத்தில் துளைப்பார். அறிக்கையில் 'துளையிடுதல்' என்றே இருக்கும். அப்படி ஓட்டிய நேரத்தில் இழந்தது எவ்வளவு என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. அதைவிட மோசம், பாதி வேகத்தில் சேறு ஓடும்போது துளைத்த பாறைத்தூள் மேலே வராமல் குழாயைச் சுற்றிப் படிந்து, குழாயே சிக்கிக்கொள்ளும். குழாயை வெளியே எடுக்க ஆகும் பத்து நாள்களுக்கு அப்போது பம்பு காரணம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அன்றாட அறிக்கையில் டூல் புஷரும் கம்பெனி மேனும் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்துப் போடுமுன், 'இரண்டாம் எண் பம்பு இல்லை, சேறு நிமிடத்துக்கு இவ்வளவுதான் ஓடியது, மணி இத்தனையிலிருந்து இத்தனை வரை' என்று ஒரு வரியைச் சேர்க்க மருமகன் வற்புறுத்தட்டும். சண்டை வேண்டாம், வரி போதும். ஆறு மாதம் கழித்து இங்கே சிங்கப்பூரில் ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்குத் தீர்க்க உட்காருபவர்களிடம், அன்று இரவு அவன் பட்ட பாட்டுக்கு வேறு சாட்சி இருக்காது.

கேள்வி: நான் லோயாங்கில் ரிக்குகளுக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையத்துக்காக நள்ளிரவில் விமானத்தில் இடம் பிடிக்கச் சொல்கிறார்கள். இருபது முப்பதை முன்பே வாங்கி அங்கேயே வைத்திருக்கக் கூடாதா?
திருமதி மீ., பாசிர் ரிஸ்

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது, அம்மா. ரிக், ஆள்கள், உடனிருக்கும் பிற சேவைகள் எல்லாம் சேர்த்து நாளுக்கு 100,000 அமெரிக்க டாலர் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 4,000 டாலருக்கு மேல் போகிறது. விமானத்தில் ஓரிடம் அதற்கு முன் ஒன்றுமில்லை. வாங்கி வைக்கலாம்தான். ஆனால் ரப்பர் அரிசி மூட்டை மாதிரி காத்திருக்காது. வெயிலில் கொதிக்கும் கொள்கலனில், மின் மோட்டாருக்குப் பக்கத்தில், ஆணியில் மாட்டி வைத்த வளையம் ஓராண்டில் இறுகி, வளைத்தால் வெடிப்பு விடும். உறையின் மேல் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். நீங்கள் அனுப்பும்போது அதைப் பார்த்து அனுப்பினாலே பாதிப் புண்ணியம்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கறுப்பு வளையங்களில் ஒன்று நைட்ரைல், மற்றது ஈபிடிஎம் என்ற வேறு வகை ரப்பர் என்றால், இரண்டாவது எண்ணெய் பட்டதும் ஊறி உப்பிவிடும். எண்ணெய் கலந்த சேறு ஓடிய ஒரு கிணற்றில், அவசரத்துக்கு அகப்பட்டதைப் போட்டார்கள். மறுநாள் கழற்றியபோது அது பள்ளத்தில் அடங்காமல் பிதுங்கி நின்றது. இன்னொரு முறை நாங்கள் கேட்டது 13⅝ அங்குல ஃபிளாஞ்சுக்கான, அதாவது இரண்டு பாகங்களை இணைக்கும் விளிம்புக்கான, எஃகு வளையம். 5,000 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் ஃபிளாஞ்சுக்கு பிஎக்ஸ் 160 என்ற எண்ணுள்ள வளையம். அதே வாய் அளவுள்ள 10,000 பிஎஸ்ஐ ஃபிளாஞ்சுக்கு பிஎக்ஸ் 159. வந்து இறங்கியது 159. அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று வாங்கியவர் தொலைபேசியில் கேட்டார். ஹெலிகாப்டர் திரும்பி வர மூன்று நாள் மழை விடவில்லை. கழற்றிய பழைய வளையத்தையே திரும்பப் போடலாமா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். ஒருமுறை நசுங்கி அடைத்த பிஎக்ஸ் வளையத்தை மறுபடி போடக் கூடாது என்பதால் உட்கார்ந்திருந்தோம். அப்போது உங்கள் நாற்காலியில் இருந்தவர், வளையத்தில் பொறித்த எண்ணையும் ஃபிளாஞ்சின் பெயர்த்தகட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், பிறகு வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மூன்று நாளும் மிஞ்சியிருக்கும். நள்ளிரவானாலும் கேளுங்கள்.

கேள்வி: ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இருபது ஆண்டுகள் வெல்டராக இருந்தேன். எண்ணெய் விலை விழுந்தபோது, புதிதாகக் கட்டி முடித்த ரிக்கைக்கூட எடுத்துப்போக ஆளின்றிக் கட்டி வைத்திருந்ததைக் கண்டேன். அப்படிப் பல ஆண்டுகள் சும்மா நின்ற ரிக்கைக் குறைந்த வாடகைக்குப் பேசி எடுத்தால் நிறுவனத்துக்கு லாபம்தானே?
சு. மா., யீஷூன்

பதில்: 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது, நீங்கள் கண்டது அதன் விளைவு. நின்ற ரிக்கில் துருவைவிட எனக்குப் பயம், களவு. திருட்டைச் சொல்லவில்லை, ஓடுகிற ரிக்கில் ஏதாவது கெட்டால், அதே குத்தகையாளர் நிற்கிற ரிக்கிலிருந்து பாகத்தைக் கழற்றிக்கொண்டு போவார். எழுதி வைப்பவர் எழுதி வைப்பார். மற்றவர் விட்டுவிடுவார். மூன்றாண்டு கழித்து ரிக்கை எழுப்பும்போது, இருக்கிறது என்று பட்டியல் சொல்லும் பாகம் இடத்தில் இருக்காது, அல்லது வேறு ஏதோ ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்.

அதனால் குறைந்த வாடகையில் மயங்கலாம், ஆனால் ரிக் இந்தக் கரையை விட்டு நகரும் முன் சோதித்துவிட வேண்டும். துவாஸில் நிற்கும்போது ஒரு வால்வு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் வேறு வந்துவிடும். அதே வால்வு நடுக்கடலில் ஒரு வாரம் தின்னும். எல்லா ஜெனரேட்டர்களையும் உண்மையான சுமை ஏற்றி ஓட்டச் சொல்ல வேண்டும். வெறுமனே ஓடிக் காட்டுவதைச் சோதனை என்று ஏற்கக் கூடாது. கிணற்றின் வாயில் உட்காரும் வெடிப்புத் தடுப்பானை, பிஓபி என்கிறோமே அதை, இரண்டு கட்டுப்பாட்டு இடத்திலிருந்தும் மூடித் திறந்து நேரம் குறிக்க வேண்டும். குத்தகையாளர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்து 11 பேர் இறந்தபின் அதன் பிஓபியை மேலே தூக்கி ஆராய்ந்தபோது, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்கலம் சக்தி இழந்திருந்ததும் மற்றதில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலனாய்டு வால்வுக்குக் கம்பி மாற்றி இணைக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தன. மேலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் இருந்தன. 2014இல் அமெரிக்க நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிட்டபோது, கிணற்றின் உரிமை நிறுவனமான பிபிக்கு 67 சதவீதம், ரிக் குத்தகையாளரான டிரான்சோஷனுக்கு 30, சிமெண்ட் வேலை செய்த ஹாலிபர்ட்டனுக்கு 3 என்று வைத்தது. குத்தகையாளரின் இயந்திரம் கெட்டால் குத்தகையாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கும் நிறுவன மேலாளர்கள் அந்த முதல் எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கேள்வி: தொலைவான கடலில் கிணறு கட்டுமீறிப் போனால் உதவி போய்ச் சேர எத்தனை நாளாகும்? பாலிடெக்னிக்கில் படிக்கும் எனக்கு ஒரு திட்ட வேலைக்காக வேண்டும்.
அ. நி., தெம்பனிஸ்

பதில்: 2009 ஆகஸ்ட் 21 அன்று, ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு மேற்கே சுமார் 690 கிலோமீட்டரில், திமோர் கடலில் மொன்டாரா கிணறு கசியத் தொடங்கியது. மேடையிலிருந்த 69 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். பக்கத்திலிருந்து இன்னொரு கிணறு துளைத்துக் கசியும் கிணற்றைத் தொட்டு அடைப்பதுதான் வழி. அதற்கான ரிக் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து இழுத்துச் செல்லப்பட்டு அங்கே சேரவே மூன்று வாரம் அளவுக்கு ஆனது. துளைத்துக் கீழே போனபின் முதல் நான்கு முயற்சியும் குறி தவறின, ஐந்தாவது தொட்டது. நவம்பர் 1 அன்று தீயும் பற்றிக்கொண்டது. நவம்பர் 3 அன்று கிணறு அடைபட்டது. கிணற்றில் தடுப்பாகப் பொருத்தியிருக்க வேண்டிய ஒரு மூடி பொருத்தப்படவே இல்லை என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. உங்கள் திட்டத்தில் 74 நாள் என்று போடுங்கள். அதில் இழுத்துச் சென்ற மூன்று வாரத்தைத் தனியாகக் காட்டுங்கள்.